பால்புட்டியும் முதல் ஷிப்டும்

கேள்வி: சிப்காட்டில் சின்ன யூனிட் நடத்துகிறேன். 35 பேர்; பாதிக்கு மேல் பெண்கள். குழந்தைகள் காப்பகம் எனக்குக் கட்டுப்படியாகுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தனியாக நடத்தினால் கையைக் கடிக்கும். நாலு யூனிட் சேர்ந்தால் கடிக்காது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் கேட்டது. 2017-ல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தியபோது, ஆண் பெண் சேர்த்து 50 பேர் என்றார்கள். தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். காப்பகம் பொதுவானதாகவும் இருக்கலாம். உங்கள் 35 அந்தக் கணக்கில் வராது. ஆனால் பசிக்கிற பிள்ளைக்குக் கணக்குத் தெரியாதே!

விடிகாலை ஐந்தரைக்குப் பாகலூர் சாலையில் நின்று பாருங்கள். ஓசூர்க் குளிரில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிவரும் பெண், தூங்கும் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, பால்புட்டியை மட்டும் மறந்து கையோடு கொண்டுவந்திருப்பாள். அன்று முழுக்க அவள் மனசு மெஷினிலா இருக்கும்?

அதனால் ஆறு மணி ஷிப்டுக்கு ஒன்பது மணிக் காப்பகம் உதவாது. ஐந்தரைக்கே கதவு திறக்க வேண்டும். ஆயாவுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் தாலாட்டு வந்தால் நம்ம ஊருக்குப் பொருத்தம். அப்பாக்களும் பிள்ளையைக் கொண்டுவந்து விடட்டும், அவர்கள் பிள்ளையும்தானே!

ஹோஸ்டியா மாதிரி சிறுதொழில் சங்கக் கூட்டத்தில் பேச்சை எடுங்கள். வாடகை, ஆயா சம்பளம், பால் செலவு எல்லாவற்றையும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வகுத்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.