நாயைவிடத் தேவலை

1838 ஜூலையில், 29 வயதுச் சார்லஸ் டார்வின் ஒரு தாளை எடுத்து, கல்யாணம் செய்வதா வேண்டாமா என்று வரவு செலவு எழுதினார். செலவுப் பக்கத்தில்: உறவினர் வீடுகளுக்குப் போய்த் தலைகாட்ட வேண்டும், மாலையில் படிக்க முடியாது, புத்தகம் வாங்கக் காசு மிஞ்சாது, உடம்பு பெருக்கும். வரவுப் பக்கத்தில்: பிள்ளைகள், வயதான காலத்தில் துணை, வீட்டைக் கவனிக்க ஆள், எப்படியும் நாயைவிடத் தேவலை. பெண்களின் பாட்டும் அரட்டையும் உடம்புக்கு நல்லது, நேரம்தான் பாழ் என்றும் ஒரு குறிப்பு. கடைசியில் வரவே வென்றது. எந்தப் பெண்ணிடமும் அதுவரை சம்மதம் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த ஜனவரியில் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். வாந்தி, தலைசுற்றல் என்று ஆயுள் முழுக்கப் படுத்திய கணவரைப் பார்த்துக்கொண்டு, அவருக்கு நாவல் படித்துக் காட்டி, பத்துப் பிள்ளைகளையும் பெற்றார் அந்த அம்மாள். கணவர் 73 வயதில் போனார். அம்மாள் 88 வரை இருந்தார்.

கல்யாணம் ஆயுளைக் கூட்டுமா? 1858இல் லண்டன் பதிவாளர் அலுவலகத்தின் வில்லியம் ஃபார், பிரான்ஸ் மக்களின் சாவுக் கணக்கைப் புரட்டினார். மணமானவர்கள் குறைவாகச் செத்தார்கள், மணமாகாதவர்கள் அதிகம், துணையை இழந்தவர்கள் பாடு இன்னும் மோசம். ஆனால் 20 வயதுக்குள் கணவர்களான பையன்களிடையே சாவு எக்கச்சக்கம்.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் இந்த மாதிரிக் கணக்குகளை நம்பவில்லை. திடகாத்திரமானவனுக்குத்தான் பெண் கிடைக்கிறது, நோஞ்சானை யார் கட்டிக்கொள்வாள் என்பது அவர் கட்சி. அதாவது, கல்யாணம் ஆயுளைத் தரவில்லை; ஆயுள் கெட்டியானவன்தான் கல்யாணமே செய்துகொள்கிறான். ஸ்பென்சர் கடைசிவரை பிரம்மச்சாரி. பேச்சு சலித்தால் காதில் அடைப்பான் மாட்டிக்கொள்வார். 83 வயது வரை வாழ்ந்தார். வீட்டில் மனைவி இருந்திருந்தால் அந்த அடைப்பானின் ஆயுள் நிச்சயம் குறைந்திருக்கும்.

உடம்பு பெருக்கும் என்று டார்வின் பயந்ததும் வீண் இல்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வின் 32 ஆண்டுப் பதிவுகளை அலசி 2007இல் சொன்னார்கள்: தம்பதியில் ஒருவர் குண்டானால், மற்றவரும் குண்டாகும் வாய்ப்பு 37 சதவீதம் கூடுகிறது.

ஆயுள் விஷயத்தில் படிப்பின் கதை கல்யாணத்தின் கதையைவிடக் கடுமை. ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் இருவரும் பிரின்ஸ்டன் பொருளியலாளர்கள், கணவன் மனைவியும்கூட. அமெரிக்காவில் பட்டதாரிகளின் சராசரி ஆயுள் மற்றவர்களுடையதைவிட 1992இல் சுமார் இரண்டரை ஆண்டு அதிகம். 2021இல் எட்டரை ஆண்டு அதிகம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டினால் ரத்த அழுத்தம் இறங்கிவிடாது. நல்ல வேலையும், அதோடு ஒட்டிவரும் மருத்துவக் காப்பீடும் பட்டம் உள்ளவர் பக்கமே சாய்கின்றன. போதாக்குறைக்கு, அங்கே கல்யாணமும் பட்டதாரிகளுக்குத்தான் அதிகம் நடக்கிறது, அதிகம் நிலைக்கிறது. எந்த ஆண்டு படிப்பால் வந்தது, எது துணையால் வந்தது என்று பிரிக்கப் போனால் ஸ்பென்சர் மறுபடி சண்டைக்கு வருவார்.

20 வயதுக்குள் மாலை மாற்றத் துடிக்கும் தம்பிகள் மட்டும் முதலில் போய்ப் பரீட்சை எழுதுங்கள். ஃபார் கணக்கும் அதற்குத்தான் ஆதரவு, கேஸ்-டீட்டன் கணக்கும் அதற்குத்தான் ஆதரவு.