முதலில் ஒழுங்கைக்கு, பிறகு கொழும்புக்கு

அளவெட்டியில் ஒருவர் வெங்காயம் நடும் மெசின் செய்தால், முதலில் ஒழுங்கை முழுக்கக் காட்டுவார். ஒயில் காயுமுன் மச்சான் அதை யூடியூப்பில் ஏற்றிவிடுவார். ஆக்கவுரிமைக்கோ உலகம் அதுவரை அறியாத புதுமை வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இரக்கப்பட்டு, தானே வெளியிட்டவருக்கு ஒரு வருடம் தவணை தருகிறது. அதற்குள் விபரிப்பு, உரிமைக்கோரல், வரைபடம், சுருக்கம் எல்லாம் எழுதிக் கொழும்பில் கொடுக்க வேண்டும். இந்தியாவில் என்றால் அரைகுறை யோசனைக்கே தற்காலிக விண்ணப்பம் போட்டு, முழுசாய் எழுத 12 மாதம் எடுக்கலாம். நம்மவருக்கு முழுசாய்ச் செய்துவிட்டு எழுதத்தான் பஞ்சி. 20 வருட உரிமைக்கு வருடாவருடம் கட்டணம் என்றதும் பேனை மூடப்படும். இதற்குள் பக்கத்து வெல்டிங் கடையில் இரண்டாவது மெசின் தயார். அதற்கு மஞ்சள் பெயின்ற். விலையும் கொஞ்சம் குறைவு.