கிட்டப் போனால் மறையும் மாளிகை

டெல்லியில் இந்தியா கேட் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் குடியரசுத் தலைவர் மாளிகை கம்பீரமாகத் தெரியும். அதை நோக்கி நடந்து பாருங்கள். விஜய் சௌக்கை நெருங்கும்போது தூண்கள் தரைக்குள் இறங்கிவிடும், குவிமாடம் மட்டும் எட்டிப் பார்க்கும். எல்லாம் சாலைச் சரிவின் வேலை. மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸும் பக்கத்துச் செயலகங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கரும் இந்தச் சரிவுக்காகவே ஜென்மப் பகையாளிகள் ஆனார்கள். சரிவைத் திருத்தச் சொல்லி லட்யன்ஸ் கெஞ்சினார், மிரட்டினார், தோற்றார்.

தோற்றது நல்லதாகப் போயிற்று. நம் அரசாங்கத்தை இத்தனை துல்லியமாக வேறு யாரும் கட்டிக் காட்டியதில்லை. தூரத்திலிருந்து, தேர்தல் மேடையிலும் குடியரசு தின அணிவகுப்பிலும், முழுசாகத் தெரியும். கையில் மனுவோடு கிட்டப் போனால் ஆளைக் காணோம்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் குறையில்லை. இணையத்தில் பதிவு, தலைக்கு 50 ரூபாய், அடையாள அட்டை, அவ்வளவுதான். 340 அறை, 70 கோடி செங்கல், 330 ஏக்கர் என்று வாய் பிளந்துவிட்டு வரலாம். அந்தச் செங்கலுக்கு முன்னால் அங்கே ராய்சினா, மால்ச்சா என்று ஊர்கள் இருந்தன. 1894ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தைக் காட்டி அந்தக் குடிகளைக் கிளப்பினார்கள். வெள்ளைக்காரன் 1947இல் போய்விட்டான், சட்டம் போகவில்லை. அணைக்கும் சுரங்கத்துக்கும் நம் ஆட்களே அதை நீட்டி, 2013இல் வேறு சட்டம் வரும்வரை ஊர் ஊராகக் காலி செய்தார்கள்.

ஆனால் அடிமைச் சின்னங்களை ஒழித்தாயிற்றாம். ராஜ்பத் 2022இல் கர்தவ்ய பத் ஆனது. முகலாயத் தோட்டம் 2023இல் அம்ரித் உத்யான், தர்பார் ஹால் 2024இல் கணதந்திர மண்டபம். பெயின்ட் டப்பா விடுதலை! பக்கத்திலேயே நார்த் பிளாக் செயலக வாசலில் வெள்ளைக்காரன் ஒரு உபதேசத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். சுதந்திரம் மக்களிடம் தானாக இறங்கி வராது, மக்கள்தான் அதற்குத் தகுதி பெற்று ஏறி வர வேண்டுமாம். அது மட்டும் யார் கண்ணையும் உறுத்தவில்லை. உறுத்துவானேன், இன்றைக்கும் நடைமுறை அதுதானே?

ஏறிப் போனவர்களின் கதையைக் கேளுங்கள். நீட் விலக்கு மசோதாவைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக மசோதா ராய்சினா குன்றேறியது. ஒப்புதல் இல்லை என்ற சேதி 2025 ஏப்ரலில் நமக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து, கோச்சிங்குக்கு வீட்டு நகையை அடகு வைத்தார்கள்! ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற மூவரின் கருணை மனுக்கள் இங்கே 11 ஆண்டுகள் கிடந்தன. கடைசியில் அந்தத் தாமதத்தையே காரணம் காட்டித்தான் 2014இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அதே நீதிமன்றம் 2025 நவம்பரில், மசோதா மீது இத்தனை நாளுக்குள் முடிவெடு என்று இந்த மாளிகைக்குக் கெடு விதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. கெடுவெல்லாம் நமக்குத்தான்: வருமான வரிக்கு, கரண்ட் பில்லுக்கு, பான் கார்டோடு ஆதாரை இணைப்பதற்கு. சுற்றுலாக்காரர் குறித்த நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும், மசோதா குறித்த நேரமே இல்லாமல் வாசலில் நிற்க வேண்டும். 50 ரூபாய் கட்டாமல் அனுப்பிவிட்டோமோ என்னவோ.

1948இல் கவர்னர் ஜெனரலாகக் குடிவந்த ராஜாஜிக்கு வைஸ்ராயின் அறைகள் தாங்கவில்லை. சின்னப் பகுதிக்கு மாறிக்கொண்டார். உணவுப் பஞ்சம் என்று வளாகத்தில் ஏர் பிடித்துக் கோதுமை விதைத்தார். காந்தி இன்னும் ஒரு படி மேலே போய், இந்த மாளிகையை மருத்துவமனை ஆக்கிவிடுங்கள் என்று மவுண்ட்பேட்டனிடமே சொன்னார். ஆக்கியிருந்தால் நம் பிள்ளைகள் டாக்டராக இல்லாவிட்டாலும் நோயாளியாகவாவது உள்ளே போயிருப்பார்கள். அதற்கு நீட் கிடையாது, இன்னும்.