மெயின் அருவியும் இன்டர்நெட்டும்

கேள்வி: மத்தளம்பாறைக்கு ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்தபின் எங்கள் பக்கத்தில் டீக்கடையில்கூட கம்ப்யூட்டர் பேச்சுதான். நெட்வொர்க்கிங் கற்க எதைப் படிக்கலாம்?
– கல்லூரி மாணவர், தென்காசி

பதில்: முதலில் குரோஸும் ராஸும் எழுதிய பாடநூல். பிரவுசரில் தொடங்கிக் கம்பிவரை இறங்குவதால் கொட்டாவி வராது. அடுத்து ஸ்டீவன்ஸின் ‘டிசிபி/ஐபி இல்லஸ்ட்ரேட்டட்’ முதல் தொகுதி. பக்கத்தில், நெட்வொர்க்கில் ஓடும் தகவல்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் ஓடட்டும். படுத்துக்கொண்டு படித்தால் தூக்கம் நிச்சயம்.

ஆனால் நான் சிபாரிசு செய்வது வான் ஜேக்கப்சன் 1988-ல் எழுதிய நெரிசல் கட்டுப்பாட்டுக் கட்டுரையைத்தான். 1986 அக்டோபரில், அமெரிக்காவின் பெர்க்லியில் வெறும் 400 கஜம் தள்ளியிருந்த இரண்டு இடங்களுக்கிடையே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குப் படுத்துவிட்டது! போய்ச்சேராததை எல்லாக் கணினிகளும் அவசரப்பட்டு மறுபடி மறுபடி அனுப்பியதன் பலன். சீசன் ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் மெயின் அருவியில் எல்லோரும் முண்டியடித்தால் யார் தலையும் நனையாதே, அதே கதை. நெரிசல் தெரிந்தால் சட்டென்று குறை, பிறகு மெல்லக் கூட்டு என்பது அவர் வைத்தியம். போலீஸ் விசில் கிடையாது, கணினிகளே ஒதுங்கிக்கொள்ளும்.

இன்டர்நெட்டின் விதிகளை விளக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களையும் புரட்டுங்கள்; 1969 முதல் வரும் அவை முழுக்க இலவசம். அவற்றுக்கும் சேர்த்து அப்பாவிடம் காசு வாங்கிவிட்டீர்களா? செங்கோட்டை பார்டரில் புரோட்டா சூடாக இருக்கிறது.