தாரா முட்டைக்கு 28 நாள்

என்னிடம் வருகிற கட்சிக்காரரில் பாதிப்பேருக்கு வழக்கே இல்லை. பெயர்தான் வழக்கு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, காணி உறுதியில் மூன்றாவது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடதாசிகளைத் தொலைத்த சனம். நடமாடும் சேவையில் திரும்ப எடுத்தபோது, எழுதுகிறவரின் காதில் என்ன விழுந்ததோ அதுதான் பெயர். "மேற்சொல்லப்பட்ட மூவரும் நானே" என்று சத்தியக்கடதாசி எழுதிக் கொடுப்பதில் முல்லைத்தீவில் என்னை வெல்ல ஆளில்லை என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த காலம் ஒன்று உண்டு. லண்டனில் சட்ட முதுமாணி படிக்க விண்ணப்பித்த பிறகு கொஞ்சம் கூன் விழுந்துவிட்டது.

முதல் பெட்டியிலேயே சறுக்கல். குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களிடம் குடும்பம் இருக்கிறது, குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதமெல்லாம் அப்பாவை விளித்தே வந்தது. "உங்கள் பட்டச் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை" என்று ஒன்று வந்தபோது வாசித்துக் காட்டினேன். அப்பா மண்வெட்டியைச் சாத்திவைத்துவிட்டு யோசித்தார். "நான் எட்டாம் வகுப்போட விட்டனான் எண்டு எழுதி விடு. மரியாதையாக் கேக்கிறாங்கள், பதில் போடாமல் விடக்கூடாது."

இரண்டாவது பெட்டி, முகவரி. வீட்டு இலக்கம், வீதியின் பெயர். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீரூற்றில் இறங்கி, ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயிலை விசாரித்து, அங்கே நிற்கிற ஆரிடமாவது "லோயர் பொடியன்ரை வீடு" என்றால் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். இலக்கம் கேட்டால்தான் ஆளைச் சந்தேகிப்பார்கள். ஊரின் பெயரைத் தமிழில் எழுதுவதில் தகராறு இல்லை: தண்ணீர் ஊறுகிறது, தண்ணீரூற்று. ஆங்கிலத்துக்குப் போனவுடன் ஊற்று வழி மாறிவிடும். என் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பட்டச் சான்றிதழோடு வந்த கடிதத்தில் வேறொன்று, விதானையார் தந்த வதிவிடச் சான்றில் "ற்" காணாமலே போய்விட்டது.

இதற்கு முன்பும் ஒரு தரம், 2018இல், அவுஸ்திரேலியாவுக்கு முயன்றேன். அந்தப் படிவம் கடந்த 10 வருடமும் இருந்த முகவரிகளை, மாதம் வருடத்தோடு, இடைவெளி விடாமல் கேட்டது. எழுத ஐந்து வரி விட்டிருந்தார்கள். நாங்கள் தண்ணீரூற்றை விட்டது 2008 கடைசியில். பிறகு புதுக்குடியிருப்பு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். முதல் ஐந்து மாதத்துக்கே ஐந்து வரியும் முடிந்துபோனது. பங்கருக்கு வீட்டு இலக்கம் இல்லை என்பதை எந்தப் பெட்டியில் எழுதுவது? மேலதிகத் தாள் ஒட்டினேன். அதில் முதலாவதாக வந்தது செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அங்கே வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர் வைத்திருந்தார்கள். பொன்னம்பலம் இராமநாதன் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். கதிர்காமர் ஒக்ஸ்போர்டில் படித்த சட்டத்தரணி. முட்கம்பிக்கு உள்ளே, தறப்பாள் கூடாரத்தில், எனக்குக் கிடைத்த முதல் சட்டத்துறை முகவரி "இராமநாதன்". கௌரவமாக எழுதினேன்.

தாளைப் பார்த்த விசா முகவர் தலையைச் சொறிந்தார். "தம்பி, ஆறு மாசத்தில ஆறு வீடு மாறியிருக்கிறீர். வாடகை குடுக்காமல் ஓடித் திரிஞ்ச ஆள் எண்டெல்லோ நினைப்பினம்?"

அந்த முயற்சி முகவரியால் கெடவில்லை. கட்டணத்தை ரூபாவில் பெருக்கிப் பார்த்த இரவே அது முடிந்துவிட்டது.

லண்டன் விண்ணப்பம் 2022இல். ஆண்டைச் சொன்னாலே இலங்கைக்காரருக்கு மிச்சம் விளங்கும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360 ஆனது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. நான் ஒரு பக்கத்தை நிரப்பிச் சேமிக்கப் போகும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். வந்தால் பெட்டிகள் எல்லாம் வெறுமையாகிச் சிரிக்கும். மண்ணெண்ணெயும் இல்லை. "வற்றாப்பளை அம்மனுக்குக் கடல் தண்ணியில விளக்கெரியுது, உவங்களுக்கு டொலர் இருந்தும் எரிக்கத் தெரியேல்லை" என்று அம்மா அரசாங்கத்தைத் திட்டினா. டொலரும் இல்லையம்மா என்று திருத்தினேன். எனக்காக நேர்த்தி வைத்ததும் வற்றாப்பளையில்தான். காரணமும் அம்மாவிடம் இருந்தது: பிற தேசத்து அரசனின் சபைக்குத் தனியே போய், ஒற்றைச் சிலம்பைச் சான்றாக வைத்து வழக்கை வென்றவ அவ. வெளிநாட்டுச் சட்டப் படிப்புக்கு வேறு ஆரிடம் போவது?

அடுத்தது, ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர் என்று 1000 சொல்லுக்குள் எழுதுகிற கட்டுரை. ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் தொலைபேசியில் பாடம் எடுத்தான். "சண்டையைப் போடு மச்சான். செல், பங்கர், எல்லாம் போடு. வாசிக்கிறவன் அழவேணும்." ஒரு இரவு முழுக்க எழுதினேன். விடிய வாசித்துப் பார்த்தால் என் வாழ்க்கையை நானே ஏலம் கூறுவது போல இருந்தது. வெட்கமாகிவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டு அம்மம்மாவின் வேலிச் சண்டையை எழுதினேன்.

நாங்கள் இல்லாத காலத்தில் பக்கத்துக் காணிக்காரர் கதியாலைப் பிடுங்கி நாலு முழம் உள்ளே நட்டுவிட்டார். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி ஒரு காணியை 10 வருடம் தடையில்லாமல் ஆண்டால் அது ஆண்டவனுக்கே. ஆண்டவன் என்றால் இங்கே கோயிலில் இருப்பவர் அல்ல, கதியால் நட்டவர். ஊரில் இருக்க விடாமல் துரத்தப்பட்டவன் எப்படித் தடுப்பான் என்று சட்டத்துக்கு உறைக்க 2016 ஆனது. அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயல்களால் தன் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்கு அந்தக் காலக் கணக்கிலிருந்து விலக்குக் கொடுக்கிறது. இதைத்தான் எழுதினேன். அம்மம்மாவிடம் சொன்னபோது அவவுக்கு ஒரே கேள்வி: "லண்டன்காரன் வந்து வேலியை நகர்த்துவானோ?"

எங்கள் சட்டத்தைப் படிக்க வந்த ஒரு வெளிநாட்டு மாணவனை நினைத்து இந்த நாட்களில் பொறாமைப்பட்டேன். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் இருந்து, தேசவழமையைக் கேட்டுக் கேட்டு 1707இல் எழுதி முடித்தவர். பன்னிரண்டு தமிழ் முதலிமார் வாசித்துச் சரியென்று ஒப்பமிட்டார்கள். மனுஷனிடம் ஆரும் தமிழ்ப் பரீட்சைப் புள்ளி கேட்கவில்லை. வங்கிக் கணக்குக் கேட்கவில்லை. பன்னிரண்டு பேர் அவருக்குக் கையெழுத்து வைத்தார்கள்; எனக்கு இரண்டு பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க மூன்று மாதம்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேச்சுப் பகுதியில் தண்ணீர் உள்ள ஓர் இடத்தை இரண்டு நிமிடம் விவரிக்கச் சொன்னார்கள். நான் தண்ணீரூற்றில் பிறந்தவன். இரண்டு நிமிடத்தில் பிள்ளையார் கோயில் வாசலைக்கூடத் தாண்டவில்லை. ஆறரை வந்தது, கேட்டது ஏழு. இரண்டாம் தரம் எழுதி எடுத்தேன். அந்தப் புள்ளி இரண்டு வருடத்துக்குத்தான் செல்லுமாம். அதற்குப் பிறகு ஆங்கிலம் பால்மா மாதிரிப் பழுதாகிவிடும் போல.

கடைசியில் காசு. படிப்புக் கட்டணமும் 9 மாத வாழ்க்கைச் செலவும் வங்கிக் கணக்கில் 28 நாள் அசையாமல் கிடக்கவேண்டும் என்பது பிரித்தானிய விசா விதி. ரொறன்ரோவும் சுவிசும் அனுப்பியது, அம்மாவின் நகையை ஈடு வைத்தது எல்லாம் அப்பாவின் கணக்கில் வந்து சேர்ந்தன. விதியை அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"ஒருத்தரும் தொடக்கூடாதோ?"

"தொடக்கூடாது."

"28 நாளோ?"

"ஓமணை."

"கோழிக்கு 21 நாள். 28 நாள் எண்டால் அது தாரா முட்டை."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் காசுக்குப் பெயர் முட்டை. வங்கி அட்டையை அம்மம்மா வாங்கி அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தா. பன்னிரண்டாம் நாள் அப்பா யூரியா ஒரு மூடை கிடைக்கிறதாம் என்று பானைப் பக்கம் போனார். "அடையில இருக்கிறதைக் கலைக்காதையும்" என்று ஒரு சத்தம். அப்பா திரும்பி வந்து திண்ணையில் இருந்துவிட்டார். தன் ஆயுளில் பார்த்திராத தொகை தன் பெயரில் கிடக்க, முன் கடையில் யூரியாவுக்குக் கடன் சொன்ன மனுஷன் அவர். 28ஆம் நாள் காலை அம்மம்மா தேத்தண்ணியோடு வந்து கேட்டா: "பொரிச்சிட்டுதே, கூழோ?"

பொரிக்கவில்லை. கூழும் இல்லை. பல்கலைக்கழகத்திடமிருந்து, வழக்கம்போல அப்பாவின் பெயருக்கு, ஒரு கடிதம். என் ஆவணங்களில் ஊரின் பெயர் மூன்று விதமாக இருக்கிறதாம். மூன்றும் ஒரே இடம்தான் என்று சத்தியக்கடதாசி வேண்டுமாம்.

எத்தனை பேருக்கு எழுதிய கை! ஒரு மணித்தியாலத்தில் தட்டச்சு செய்து முடித்தேன். ஆனால் என் சத்தியத்துக்கு நானே சாட்சியாக முடியாது. சந்தியடியில் இருக்கிற சமாதான நீதவான் ஐயாவிடம் கொண்டுபோனேன். எனக்கு ஏடு தொடக்கியவர் அவர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அடையாள அட்டை?"

"ஐயா, நீங்கள் என்னை..."

"எனக்கு உம்மைப் பிறந்த நாளிலிருந்து தெரியும். சட்டத்துக்குத் தெரியாதெல்லே."

கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு கடதாசியை விரலால் தொட்டுத் தொட்டு, வரிவரியாக வாசித்தார். முத்திரையை நக்கி ஒட்டப் போனவர் நிறுத்தி, பேனாவைத் திறந்து ஒரு சொல்லின் கீழே கோடிழுத்து என் பக்கம் திருப்பிவைத்தார்.

"தம்பி, இதில தண்ணீரூற்றை நாலாவது மாதிரி எழுதியிருக்கிறீர்."