பணம் பெறுவோன் சும்மா இருக்க வேண்டியதன் அவசியம்: காக்கநாட்டில் ஒரு கிரைண்டர் விற்பனையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழில் முனைவர் பட்ட ஆய்வு நடக்காத தலைப்பு எது என்று தேடிக் களைத்தவர்களுக்கு ஒரு நற்செய்தி. பழைய கிரைண்டரை இணையத்தில் விற்று, அதற்கான பணத்தைப் பத்திரமாக வாங்குவது எப்படி என்ற கேள்வியோடு இதுவரை எந்த நெறியாளரும் என்னை அணுகவில்லை. ஆகவே இந்த ஆய்வில் ஆய்வாளனும் நானே, நெறியாளனும் நானே. புறத்தேர்வாளர் என் மனைவி. அகத்தில் இருப்பவரைப் புறத்தேர்வாளர் என்பது பிழைதான். ஆனால் மதிப்பெண் போடுவது அவர்.

ஆய்வுக் களம், நாங்கள் குடியிருக்கும் காக்கநாடு. எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். 2004இல் தொடங்கிய இன்ஃபோபார்க்கும் இங்கேதான். முன்னதில் மாற்றல் உத்தரவு வரும். பின்னதில் வேலையே மாறும். இரண்டின் விளைவும் ஒன்று. வீட்டைக் காலி செய்கிறவர் கட்டிலை என்ன செய்வது என்று முழிப்பார். புதிதாகக் குடிவருகிறவர் கட்டிலுக்கு அலைவார். இருவரையும் சேர்த்துவைக்கும் தரகர் கைபேசிக்குள் இருக்கிறார்.

பழையதன் மதிப்பு பற்றி ஒரு குறிப்பு. இங்கிருந்து மேற்கே மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போனால், 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தைச் சுற்றியுள்ள கடைகளில் துருப்பிடித்த பூட்டுக்கும் விரிசல் விட்ட ஜாடிக்கும் வயது ஏற ஏற விலை ஏறும். காக்கநாட்டில் வயது ஏற ஏற விலை இறங்கும். நடுவில் இருப்பது கொஞ்சம் காயலும் நிறையப் போக்குவரத்து நெரிசலும்தான்.

2. சொல்லாராய்ச்சி

‘காக்கநாடு’ என்ற பெயரை மலையாளிகள் எப்படிப் பிரித்தாலும், தமிழ் இலக்கணம் படித்தவன் ஒரே விதமாகத்தான் பிரிப்பான். ‘காக்க’ என்பது வியங்கோள். ‘நாடு’ என்பது ஏவல். முதலில் காத்துக்கொள், பிறகு நாடு. வாங்க வருபவரை நாடும் முன் வங்கிக் கணக்கைக் காக்கும்படி ஊரே பெயர்ப்பலகை வைத்திருக்கிறது. இந்த விளக்கத்தை மொழியியலாளர் எவரும் ஏற்க மாட்டார். ஆனால் ஆய்வேட்டில் இப்படி ஓர் இயல் இருந்தாக வேண்டும் என்பது மரபு.

3. முன்னோர் கண்ட முடிவுகள்

இந்தத் துறையில் மூத்த ஆய்வுக் களம், காக்கநாட்டுக்கு வடக்கே இருந்த முசிறி. யவனர் கப்பலில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அறிஞர்கள் இதில் கடல் வணிகத்தைக் கண்டார்கள். நான் வரிசையைக் கண்டேன். பொன் முன்னால் வருகிறது. மிளகு பின்னால் போகிறது. பணம் கைக்கு வந்த பிறகே சரக்கை நகர்த்த வேண்டும் என்ற விதி சங்க காலத்திலேயே நடப்பில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டாம்.

வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ் இன்னும் கறாரானது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தக் கடன் ஒப்பந்தத்தின்படி, முசிறியிலிருந்து போகும் சரக்கு, கடன் கொடுத்தவரின் முத்திரையோடு கிடங்கில் இருக்கும். கடன் தீராவிட்டால் சரக்கு அவருக்கு. ‘உங்க மேல நம்பிக்கை இல்லாமலா சார்’ என்ற வாக்கியம் அதில் எங்கும் காணப்படவில்லை. அவநம்பிக்கையை மனம் நோகாமல் எழுத்தில் வைத்துக்கொண்டதால்தான் அவ்வளவு தூரத்துக்கு வணிகம் நடந்தது.

அடுத்த சான்று எங்கள் நகராட்சிக்கு உள்ளேயே இருக்கிறது. காக்கநாடு திருக்காக்கரை நகராட்சியைச் சேர்ந்தது. திருக்காக்கரையில் வாமனர் கோயில். மாவலியிடம் குள்ள உருவில் ஒருவர் வந்தார். பேரம் பேசவில்லை. மூன்றடி மண் போதும் என்றார். அவருடைய ஆசான் சுக்கிராச்சாரியார், “கொடுக்காதே” என்று எச்சரித்தார். மாவலி கேட்கவில்லை. ஆசான் வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்தார். தருப்பையால் குத்தியதில் ஒரு கண் போயிற்று. தாரை வார்த்த பிறகுதான் வந்தவர் வளரத் தொடங்கினார். முதலடி மண், இரண்டாமடி விண், மூன்றாமடி கொடுத்தவர் தலை.

பெருமாளை நான் எவரோடும் ஒப்பிடவில்லை. வழிமுறை ஒற்றுமையை மட்டும் குறித்துக்கொள்கிறேன். அது ஐந்தாம் இயலில் தேவைப்படும்.

4. ஆய்வுப் பொருள்

கோயம்புத்தூர் கிரைண்டர். புவிசார் குறியீடு பெற்ற குலம். 5 லிட்டர், சாய்த்து மாவு வழிக்கும் வகை. பதினோரு வருடத்துக்கு முன் சீர்வரிசையோடு வாளையாறு தாண்டி வந்தது. குழவியைத் தூக்கும்போதெல்லாம் என் இடுப்பு ஒரு கருத்துச் சொல்லும். அந்தக் கருத்து பலமானபோது, விற்றுவிடலாம் என்று முடிவானது. கேட்பு விலை 3,500 ரூபாய். படம் எடுப்பதற்கு முன் மனைவி அதற்குத் துடைத்துப் பொட்டு வைத்தார்.

5. பரபக்கம்

விளம்பரம் போட்டுப் பத்து நிமிடம் ஆகவில்லை. அழைப்பு வந்தது.

“சார், நான் ஆர்மி. கொச்சிக்கு போஸ்டிங். கிரைண்டர் ஓகே. விலை ஓகே.”

எத்தனை வருடம் ஓடியது, கல் தேய்ந்திருக்கிறதா, சத்தம் வருமா, ஒன்றும் கேட்கவில்லை. என் பொருளின் அருமை தெரிந்த மனிதர் இந்தத் தேசத்தில் ஒருவராவது இருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு விம்மியது. அடுத்தடுத்துப் படங்கள் வந்தன: அடையாள அட்டை, கேன்டீன் அட்டை, சீருடையில் ஒருவர். சந்தேகப்படுவதே தேசத்துரோகம் என்று தோன்றும் அளவுக்குப் படங்கள். வண்டி வந்து எடுத்துக்கொள்ளும், பணம் இப்போதே வரும் என்றார். ராணுவக் கணக்கிலிருந்து வருவதால் முறை கொஞ்சம் வேறு. அவர் ஒரு கியூ.ஆர். கோடு அனுப்புவார், நான் ஸ்கேன் செய்து என் பின் எண்ணைப் போட வேண்டும். முதலில் 5 ரூபாய்க்குப் பரிசோதனை.

ஸ்கேன் செய்தேன். 5 ரூபாய் போனது. உடனே 10 ரூபாய் வந்தது. போட்டது இரட்டிப்பானதும் அறிவு பாதியானது. இரண்டாவது கோடு வந்தது. 3,500. ஆறு இலக்கப் பின்னில் நான்கு அழுத்திவிட்டேன்.

அப்போது திரையின் மேல் ஒரு கட்டைவிரல் வந்து படிந்தது. உளுந்து மாவு ஒட்டிய கட்டைவிரல்.

“ஏங்க, நம்மளுக்கு வர்ற பணத்துக்கு நம்ம எதுக்குங்க பின் போடறோம்?”

ஆர்மி, புரொசீஜர் என்று ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். திருக்காக்கரையில் கமண்டலத்தை அடைத்த வண்டு நினைவுக்கு வந்தது. தருப்பையைத் தேடாமல் கைபேசியைக் கீழே வைத்தேன். முதலடி 5 ரூபாய், இரண்டாமடி 3,500. மூன்றாமடி எங்கே விழுந்திருக்கும் என்பது என் சேமிப்புக் கணக்குக்குத் தெரியும்.

6. சுபக்கம்

மேற்கண்ட தரவுகளிலிருந்து மூன்று நூற்பாக்கள் யாத்து, அவற்றுக்கு நானே உரையும் எழுதியிருக்கிறேன்.

நூற்பா 1: பெறுவோன் வினைபுரியான், கொடுப்போனே புரிவான்.

உரை: இந்நூற்பா என்ன நுதலிற்றோ எனின், பணம் வாங்குகிறவனுக்கு வேலையே கிடையாது என்பது நுதலிற்று. 2016 ஏப்ரலில் தேசிய கொடுப்பனவுக் கழகம் யு.பி.ஐ.யை அறிமுகம் செய்த நாளிலிருந்து, பணம் உள்ளே வர எவருக்கும் பின் தேவைப்பட்டதில்லை. வெளியே போகத்தான் தேவை. கியூ.ஆர். கோடும் அப்படியே. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது அது. இன்று அது டீக்கடை உண்டியல். ஒருவன் தன் உண்டியலை நீட்டி, ‘இதில் கைவைத்தால் உங்களுக்குப் பணம் வரும்’ என்றால் கோயில் வாசலில் நாம் சிரிப்போம். வாட்ஸ்அப்பில் வந்தால் ஸ்கேன் செய்கிறோம்.

முன்பு கோடு இல்லாமலும், ‘பணம் தருக’ என்ற கோரிக்கையை அனுப்பி, அதைப் பணம் வந்ததுபோல் காட்டி அழுத்தவைப்பார்கள். தனிநபரிடம் தனிநபர் அப்படிக் கோருவதற்கு 2,000 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. 2025 அக்டோபர் 1 முதல் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். வாசல் அடைபட்டது. கோடு என்னும் சன்னல் திறந்தே இருக்கிறது.

சும்மா இருப்பதன் பெருமையை நம் ஞானிகள் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். அது முத்திக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். மூவாயிரத்து ஐந்நூறுக்கும் அதுவே வழி.

நூற்பா 2: பேரம் பேசான் பொருள்கொள வாரான்.

உரை: மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், பாதி விலைக்குக் கேட்டு நம் மனத்தைப் புண்படுத்துவார்கள். அந்தப் புண்தான் அத்தாட்சி. வாங்கியே ஆக வேண்டியவனுக்குத்தான் குறை தெரியும். அடையாள அட்டையைப் போலியாக அடிக்கலாம். அரை மணி நேரப் பேரத்தைப் போலியாகச் செய்ய மோசடிக்காரனுக்குப் பொறுமை கிடையாது. அவனுக்கு அடுத்த கிரைண்டர் காத்திருக்கிறது. கேட்ட விலைக்குத் தலையாட்டுகிறவரைக் கண்டால் மகிழ்வது விற்பவரின் இயல்பு. பயப்படுவது அவரது கடமை.

நூற்பா 3: படம் பணமன்று, இருப்பே பணம்.

உரை: ‘அனுப்பிட்டேன் சார், பாருங்க’ என்று வரும் ஸ்கிரீன்ஷாட் ஓர் ஓவியம். கலையாக ரசிக்கலாம். குறுஞ்செய்தியையும் வங்கி அனுப்பியதுபோலவே எவரும் தட்டச்சு செய்ய முடியும். ஆகவே வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே பொருள் வாசல் தாண்ட வேண்டும். ‘தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்பதும் பெரும்பாலும் இதே ஓவியப் பள்ளியைச் சேர்ந்தது. வராத பணத்தின் மீதியைக் கொடுத்தவர்கள் உண்டு.

மூன்றையும் மீறியவருக்குப் பிராயச்சித்தம்: இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். போன பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும் முன் இடையில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. அழுது முடித்துவிட்டு அழைத்தால் வாய்ப்புக் குறையும். வங்கியிடம் கேட்கலாமே என்றால், வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது, வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை, அவர் தலையில்தான் என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொன்னது. மாவலிக்காவது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வர வரம் கிடைத்தது. தாமதமாகத் தேடிய பணத்துக்கு அந்த ஓணமும் இல்லை.

7. ஒரு விதிவிலக்கு

நல்ல ஆய்வு தன் கோட்பாட்டைத் தானே குலைத்துக் காட்ட வேண்டும். சும்மா இருந்து வாங்கிய பணமும் சில சமயம் வம்பாகும். 2023இல் கேரளத்தில் யு.பி.ஐ. வழியாகச் சிறு தொகை வாங்கிய கடைக்காரர்கள் பலரின் கணக்குகள் முடங்கின. வந்த பணம் எங்கோ நடந்த மோசடியோடு தொடர்புடையதாக இருந்ததே காரணம். முழுக் கணக்கையும் முடக்காமல் சந்தேகத்துக்குரிய தொகையோடு நிறுத்தும்படி எர்ணாகுளத்தில் உள்ள உயர்நீதிமன்றம் வங்கிகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எனவே வாங்க வந்தவரே தன் பெயரில் உள்ள கணக்கிலிருந்து அனுப்பட்டும். மச்சான் கணக்கு, ஆபீஸ் கணக்கு எல்லாம் வேண்டாம். பேசிய செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கலாம். பணம் வாங்க, சம்பளம் விழாத, இருப்புக் குறைந்த ஒரு கணக்கை ஒதுக்குவது நல்லது. கைக்கடக்கமான பொருளை, ஆள் நடமாட்டமுள்ள சிட்டேத்துகரை வாட்டர் மெட்ரோ படகுத்துறை போன்ற இடத்தில் கைமாற்றலாம். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வாட்டர் மெட்ரோவுக்குப் போக முடியாது என்பதால் எங்கள் பரிசோதனை வீட்டிலேயே நடந்தது.

8. களப் பரிசோதனை

நான்காம் நாள் தட்டுக்கடைக்காரர் ஒருவர் ஆட்டோவில் வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. திறந்தால் ஊறவைத்த அரிசி. அதைப் போட்டு ஓடவிட்டார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். விரலால் மாவைத் தேய்த்துப் பார்த்தார். பெல்ட் பழசு என்றார். வயரில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பதைக் கண்டுபிடித்தார். வைத்த பொட்டை மட்டும் அவர் பொருட்படுத்தவில்லை.

“லாஸ்ட் எத்ரயா சேட்டா?”

3,500 என்றேன். 1,500 என்றார். என் மனம் புண்பட்டது. இரண்டாம் நூற்பா நிரூபணமாவதில் உள்ள மகிழ்ச்சியோடு அந்தப் புண்ணைப் பொறுத்துக்கொண்டேன். இருபது நிமிடம் கழித்து 2,300இல் நின்றது.

என் கோட்டைக் காட்டக் கைபேசியை எடுத்தேன். மனைவி தன் கைபேசியை நீட்டினார். “கிரைண்டர் எங்க அப்பா வாங்கிக் கொடுத்ததுங்க.” அந்தக் கணக்கில் இருப்புக் குறைவு என்பதால் ஏழாம் இயலின்படியும் அது சரியாகவே இருந்தது.

“குழவியை முதல்ல எடுத்துத் தாங்க சேட்டா” என்று தட்டுக்கடைக்காரர் சைகை காட்டினார். எடுத்தேன். அவர் கோட்டை ஸ்கேன் செய்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பின் எண்ணைப் போட்டார். மனைவி வங்கிச் செயலியில் இருப்பைப் பார்த்தார். பார்த்த பிறகு, ஒருமுறை வாய்விட்டும் படித்தார்.

ஆட்டோ போன பின் வாய்மொழித் தேர்வு நடந்தது. ஒரே கேள்வி.

“பணம் வர்றப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“ரெண்டு கையிலயும் குழவியப் புடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னேன்.”

“பாஸ்” என்றார் புறத்தேர்வாளர்.