முளைத்த கையும் முளைத்த கால்களும்: டெட்பூல் இரு பாகங்கள் குறித்த ஓர் உறுப்பியல் ஆய்வு

யாப்பருங்கலக்காரிகை உறுப்பியலில்தான் தொடங்குகிறது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று செய்யுளின் உறுப்புகளை அமிதசாகரர் ஒன்று விடாமல் சொன்னார். ஆனால் வெட்டுண்ட பிறகு திரும்ப முளைக்கும் உறுப்புகளைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் காலத்தில் தேவைப்படவில்லை போலும். அந்தக் குறையை நிறைப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை 2016இல் வந்த 'டெட்பூல்', 2018இல் வந்த 'டெட்பூல் 2' ஆகிய இரண்டே படங்கள். நன்னூலாரின் பகுப்பில் முன்னது முதனூல், பின்னது வழிநூல். ராப் லீஃபெல்டும் ஃபேபியன் நிசியேசாவும் 1991இல் படைத்த காமிக்ஸ் அன்றோ முதனூல் எனின், அன்று. என்னை? அதைப் படித்தவர் இவ்வாய்வுக் குழுவில் ஒருவரும் இலர். குழுவில் இருப்பவரும் ஒருவரே.

இனித் தரவுகள். டெட்பூல் என்னும் நாயகன் வேட் வில்சனுக்கு எது அறுந்தாலும் திரும்ப வளரும். முதல் பாகத்தில் கொலோசஸ் என்னும் இரும்பு மனிதர் அவனுக்கு விலங்கு மாட்டி இழுத்துப் போகிறார். தப்பிப்பதற்காகத் தன் மணிக்கட்டைத் தானே அறுத்துக்கொள்கிறான். அந்த இடத்தில் முதலில் ஒரு பச்சிளங்குழந்தைக் கை முளைக்கிறது. இரண்டாம் பாகத்தில் ஜகர்நாட் என்னும் மலைபோன்ற வில்லன் அவனை இடுப்போடு இரண்டாகக் கிழிக்கிறான். இம்முறை முளைப்பவை குழந்தைக் கால்களும் அவற்றைச் சார்ந்த பகுதிகளும். கால்சட்டை போடாமல் சோபாவில் உட்கார்ந்து அவன் உரையாடும் அக்காட்சியை இவ்வாய்வு விரிவாக விவரிக்கவில்லை. பல்கலைக்கழக விதிகள் இடம் தரா.

இதிலிருந்து பெறப்படும் கருதுகோள்: வழிநூலில் முளைப்பது முதனூலில் முளைத்ததைவிடப் பெரிது. செலவுக் கணக்கும் இதற்கு அரண் செய்கிறது. முதல் பாகத்துக்கு ஆனது ஏறக்குறைய 5.8 கோடி டாலர்; இரண்டாவதற்கு ஏறக்குறைய 11 கோடி. வசூலில் மட்டும் இரண்டும் 78 கோடிச் சொச்சத்தில் நின்றுவிட்டன. அதிலும் வன்முறையைக் குறைத்து 2018 டிசம்பரில் விட்ட மறுபதிப்பின் வசூலையும் கூட்டித்தான் வழிநூல் அந்தத் தொகையை எட்டியது. சார்புநூல் கைகொடுத்து வழிநூலைத் தூக்கிவிட்ட செய்தி நன்னூலிலும் இல்லை.

கருதுகோள் இடறும் இடமும் இந்தச் செலவுக் கணக்குதான். முதல் பாகத்தின் நகைச்சுவையில் பாதி, காசில்லாமையின் பிள்ளை. படப்பிடிப்புக்குச் சற்றுமுன் ஸ்டூடியோ பணத்தைக் குறைத்தது. கடைசிச் சண்டைக்கு எழுதி வைத்திருந்த துப்பாக்கி மோதலுக்கு வழியில்லை. எழுத்தாளர்கள் ரெட் ரீஸும் பால் வெர்னிக்கும் என்ன செய்தார்கள்? நாயகன் துப்பாக்கிப் பையை டாக்சியிலேயே மறந்துவிட்டு இறங்குகிறான். அவ்வளவுதான், கோடிகள் மிச்சம். கொலோசஸ் சார்ந்த எக்ஸ்மென் நாயகர் படையின் மாளிகைக்குப் போகிறவன், இவ்வளவு பெரிய வீட்டில் உங்கள் இருவரை மட்டுமே பார்க்கிறேனே, மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஸ்டூடியோவிடம் பணமில்லையா என்று கேட்கிறான். வறுமையை வெளிப்படையாகச் சொல்லிச் சிரிக்கவைக்கும் நாயகர் ஹாலிவுட்டில் அரிது.

இரண்டாம் பாகத்தில் அதே மாளிகை, அதே புலம்பல். ஆனால் இப்போது கையில் பணம் இருக்கிறது. அவன் முதுகுக்குப் பின்னால் ஓர் அறையில் எக்ஸ்மென் கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. அவன் குரல் கேட்டதும் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சிரிப்பு வருகிறது. ஆயினும், இல்லாததைக் கேலி செய்வதில் இருந்த கூர்மை, இருப்பதை ஒளித்துவைப்பதில் இல்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

நிற்க. இத்துணிபைக் குப்புறத் தள்ளும் காட்சி ஒன்றும் வழிநூலில் உண்டு. நேர்காணல் வைத்துப் பொறுக்கி, எக்ஸ்ஃபோர்ஸ் என்றொரு படையைத் திரட்டுகிறான். டெர்ரி குரூஸ் போன்ற பெயர்பெற்ற நடிகர்கள். எந்தச் சக்தியும் இல்லாமல், விளம்பரம் பார்த்து வந்தேன் என்று நிற்கும் பீட்டரும் அதில் ஒருவர். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கிறார்கள். காற்று பலமாக அடிக்கிறது. ஒருவர் பேருந்தில் மோதுகிறார், ஒருவர் ஹெலிகாப்டர் இறக்கையில் சிக்குகிறார், கண்ணுக்குத் தெரியாத ஒருவர் மின்கம்பியில் மாட்டிக் கருகுகிறார். கருகும் அந்தக் கணத்தில்தான் அவர் முகம் தெரிகிறது: பிராட் பிட்! படைக்குப் பூசை போட்ட சில நிமிடங்களில், அதிர்ஷ்டமே சக்தியாகக் கொண்ட டொமினோ தவிர எஞ்சியோர் இலர். பணத்தைச் சேர்த்து ஒரு படை கட்டி, அதைக் காற்றில் விட்டு அழிப்பது பணம் உள்ளவனால் மட்டுமே முடிகிற நகைச்சுவை. முதல் பாகத்தால் இதைக் கனவிலும் எடுத்திருக்க முடியாது.

தமிழ் வாசகருக்கு ஒரு கிளைச்செய்தி. வழிநூலில் டாக்சி ஓட்டும் டோபிந்தரின் வண்டியில் 'ஸ்வதேஸ்' படப் பாடல் ஒலிக்கிறது. இசை ஏ.ஆர்.ரஹ்மான். உறுப்பியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

முடிபு: பாராசூட் காட்சி நீங்கலாக, கையே கால்களினும் சிறந்தது.

ஒழிபியலாக ஒரு வேண்டுகோள். இரண்டாம் பாகத்தில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். கால இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போகும் நாயகன், 'கிரீன் லேண்டர்ன்' திரைக்கதையைப் படித்து மகிழ்ந்துகொண்டிருக்கும், தன் வேடத்தில் நடிப்பவரேயான ரயன் ரேனால்ட்ஸைச் சுட்டுக் கொல்கிறான். 2011இல் வந்து மண்ணைக் கவ்விய அந்தப் படத்தின் நாயகனும் ரேனால்ட்ஸ்தான்.